வானேறிய சீசர்கள் – 9: பதினொரு முகங்கள்

மாயின்ஸ் நகருக்கு அருகே, கி.பி. 235-ல், தன் படைவீரர்களின் கையாலேயே பேரரசன் செவரஸ் அலெக்சாண்டர் வெட்டுண்டு விழுந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் கொலையுண்ட சில மாதங்களில் ரோம் நகர வானில் ஒரு வால் நட்சத்திரம் தோன்றியது. அதுதான் சீசரின் ஆன்மா என்று மக்கள் நம்பினார்கள். கி.மு. 42-ல் செனட் சபை அவனைத் தெய்வமாக அறிவித்தது. அன்று முதல் அவன் ‘டிவுஸ்’. பிறப்பிலேயே கடவுளானவனுக்கு லத்தீனில் ‘டியூஸ்’ என்று பெயர். மனிதனாக வாழ்ந்து, செத்து, பிறகு தெய்வமானவனுக்குத்தான் ‘டிவுஸ்’. நம் ‘தேவன்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே.

அவனுடைய தத்துப்பிள்ளை அகஸ்டஸ் தன் நாணயங்களில் ‘டிவி ஃபிலியுஸ்’, அதாவது தெய்வமானவனின் மகன், என்று பொறித்துக்கொண்டான். அவனும் இறந்து தெய்வமானான். அவன் மகன் டைபீரியஸும் அதே பட்டத்தைத் தன் வெள்ளிக்காசில் போட்டுக்கொண்டான். கொங்கு நாட்டு மண்ணிலிருந்து குவியல் குவியலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் மிகுதியானவை இந்த இருவருடையவைதாம் என்பதை முதல் வாரமே பார்த்தோம். மிளகுக்கு விலையாக வந்த காசில் ஒரு தெய்வத்தின் பெயரும் கூடவே வந்து இறங்கியது.

அதற்குப் பிறகு இந்த வழக்கம் ஒரு சடங்காகவே இறுகிப்போனது. பேரரசன் இறந்தால் செனட் கூடும். அடுக்கடுக்கான சிதை எழும்பும். உச்சியிலிருந்து ஒரு கழுகைப் பறக்கவிடுவார்கள். அடுத்து வந்தவன், இறந்தவன் பெயரில் நாணயம் வெளியிடுவான். பேரரசிகளுக்குப் பெரும்பாலும் மயில்.

இதுவரை பார்த்த எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒவ்வொரு நாணயமும் அப்போதுதான் இறந்த ஒருவனுக்காக, அவனுக்கு அடுத்து வந்தவனால் வெளியிடப்பட்டது. பழைய காசுகளை டைட்டஸும் டிராஜனும் புதுப்பித்தது போன்றவை விதிவிலக்கு.

இந்த வாரம் பார்க்கப்போவது அந்த ரகமல்ல. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சிதறிக் கிடந்த பதினொரு பேரரசர்களை ஒருவன் மொத்தமாக எழுப்பி, ஒரே வரிசையில் நிறுத்தினான். நாணயச் சேகரிப்பாளர்கள் இன்றும் ‘டிவி வரிசை’ (‘டிவி’ என்பது ‘டிவுஸ்’ என்பதன் பன்மை) என்று அழைக்கும் அந்த நாணயங்களில் அவன் தன் பெயரைப் பொறிக்கவே இல்லை.

யார் அவன்? ஏன் பதினொரு பேர்? ஏன் அந்தப் பதினொரு பேர்?

ஆயிரமாவது ஆண்டின் மறுநாள்

கி.பி. 248 ஏப்ரலில் ரோம் நகரம் தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது. அப்போது அரியணையில் இருந்தவன் பிலிப். அரேபிய மாகாணத்தில் பிறந்ததால் ‘அரேபியன்’ என்ற அடைமொழி அவனோடு ஒட்டிக்கொண்டது. விழாவுக்கான அவனுடைய நாணயங்களில் சிங்கம், மான், நீர்யானை எனக் காட்சிக்குக் கொண்டுவந்த விலங்குகள் அணிவகுத்தன.

நகரம் விழாவில் திளைத்திருந்தது. எல்லைகளோ கிழிந்துகொண்டிருந்தன. டான்யூப் கரையில் பாகாட்டியன் என்பவன் தன்னைப் பேரரசன் என்று அறிவித்தான். கிழக்கே ஜோட்டாப்பியன் என்பவன் கிளம்பினான். பிலிப் மனம் உடைந்து செனட்டில் எழுந்து, பதவி விலகவும் தயார் என்றான். சபை வாயடைத்து உட்கார்ந்திருந்தது.

ஒருவன் மட்டும் பேசினான். இவர்கள் தாங்களாகவே வீழ்ந்துவிடுவார்கள், கவலைப்பட வேண்டாம் என்றான். அவன் பெயர் டெசியஸ். சிர்மியம் நகருக்கு அருகே, டான்யூப் பக்கத்து மண்ணில் பிறந்தவன். மாகாணங்களை ஆண்டு பழகிய மூத்த செனட்டர்.

அவன் சொன்னபடியே நடந்தது. பாகாட்டியனை அவனுடைய வீரர்களே கொன்றார்கள். பிலிப் மகிழ்ந்து, அந்தப் படைகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை டெசியஸிடமே கொடுத்து டான்யூபுக்கு அனுப்பினான். வேண்டாம் என்று டெசியஸ் மறுத்ததாகப் பழைய வரலாற்றாசிரியர் சோசிமஸ் எழுதுகிறார். போனதும் என்ன நடக்கும் என்பது டெசியஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படைகள் அவனையே பேரரசன் ஆக்கின.

249-ல் வெரோனா நகருக்கு அருகே இரு படைகளும் மோதின. பிலிப் மாண்டான். டெசியஸ் ரோமுக்குள் நுழைந்தான்.

நுழைந்ததும் அவன் சூடிக்கொண்ட பெயரைக் கவனியுங்கள். டிராஜன் டெசியஸ். ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு பேரரசனின் பெயர் அது. டான்யூபைத் தாண்டி டாசியாவை வென்ற பேரரசன். ரோம் கண்ட நல்லவர்களில் நல்லவன் என்று செனட் சபை போற்றிக்கொண்டிருந்தவன். நிகழ்காலத்தில் பிடிப்பு இல்லாமல் போனவன் கடந்த காலத்தைப் பற்றிக்கொள்கிறான். டெசியஸின் இரண்டாண்டு ஆட்சியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பெயர் போதும் என்பது என் எண்ணம்.

புருவத்தில் தழும்புள்ள முதியவர்

249-ன் கடைசியில், அல்லது 250-ன் தொடக்கத்தில், டெசியஸ் ஓர் ஆணை பிறப்பித்தான். ஆணையின் வாசகம் அழிந்துவிட்டது. அது என்ன கேட்டது என்பது மட்டும் எகிப்து நாட்டு மணலுக்கு நினைவிருந்தது.

1893-ல் பெர்லினில் ஒரு பாப்பிரஸ் ஏட்டை வாசித்து வெளியிட்டார்கள். எகிப்தில் ‘அலெக்சாண்டர் தீவு’ என்ற கிராமத்தைச் சேர்ந்த அரேலியஸ் டயோஜனிஸ் கொடுத்த விண்ணப்பம் அது. வயது 72. வலப் புருவத்தில் தழும்பு. ‘நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் ஆணைப்படி பலியிட்டு, மதுவை வார்த்து, படையலைச் சுவைத்தேன், இதற்குச் சான்று தாருங்கள்’ என்பது அதன் சாரம். கீழே அதிகாரியின் ஒப்பம். தேதி, 250 ஜூன் 26.

அதன் பிறகு இதே போன்ற ஏடுகள் நாற்பதுக்கு மேல் கிடைத்துவிட்டன. ஏறக்குறைய ஒரே வாசகம், அதே கோடை மாதங்கள். பேரரசின் குடிமக்கள் ஒவ்வொருவரும் அதிகாரியின் முன் நின்று பலியிட்டு, எழுத்தில் சான்று வாங்க வேண்டும். ரோம் அதுவரை இப்படி ஒன்றைச் செய்ததில்லை. உன் தெய்வம் எது என்று அந்தப் பேரரசு யாரையும் வீடு வீடாகக் கேட்டதில்லை.

கிறிஸ்தவர்கள் சிக்கினார்கள். ரோம் நகர ஆயர் ஃபேபியன் 250 ஜனவரி 20 அன்று உயிர் துறந்தார். முதிய அறிஞர் ஓரிஜன் சித்திரவதைப்பட்டார். பலியிட்டுத் தப்பியவர்கள், லஞ்சம் கொடுத்துச் சான்று மட்டும் வாங்கியவர்கள், ஓடி ஒளிந்தவர்கள் என்று திருச்சபையே பிளந்தது. ஆனால் அந்த ஏடுகளில் ஒன்று, முதலைத் தெய்வமான பெடெசூகோஸின் பெண் பூசாரி ஒருவருடையது. பழைய தெய்வத்துக்கு ஊழியம் செய்து வாழ்ந்தவரும் வரிசையில் நின்று சான்று வாங்க வேண்டியிருந்தது. ஆணை எல்லாருக்கும் பொது.

அந்த முதியவரின் பெயரை இன்னொரு முறை பாருங்கள். அரேலியஸ் டயோஜனிஸ். எகிப்துக் கிராமத்து மனிதருக்கு ‘அரேலியஸ்’ என்ற ரோமானியப் பெயர் எப்படி வந்தது? 212-ல் கராகல்லா என்று நாம் அறிந்த பேரரசன், பேரரசுக்குள் வாழ்ந்த அடிமையல்லாத மக்கள் அநேகமாக எல்லாருக்கும் குடியுரிமை கொடுத்தான். அவனுடைய அதிகாரபூர்வக் குடும்பப் பெயர் அரேலியஸ். குடியுரிமை பெற்ற லட்சக்கணக்கானவர்கள் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டார்கள். எல்லாரும் குடிமக்கள் ஆகிவிட்டதால்தான், எல்லாருக்குமாக ஓர் ஆணையை டெசியஸால் பிறப்பிக்க முடிந்தது.

கராகல்லாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வருவான். வராமல் போவதன் மூலம் வருவான்.

அக்கசாலைக்குள்

உயிரோடிருப்பவர்கள் பலியிட்டுச் சான்று வாங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் அக்கசாலையில் வேறொரு வேலை நடந்தது. அது ரோம் நகரத்து அக்கசாலை என்பார்கள் பெரும்பாலோர். மிலான் என்பாரும் உண்டு.

புதிய அச்சுகளை வெட்டினார்கள். ஒவ்வோர் அச்சிலும் வலப்பக்கம் பார்க்கும் ஒரு தலை. தலையில் சூரியக் கதிர்கள் போன்ற முனைகளோடு ஒரு முடி. சுற்றிலும் எழுத்து.

டிவோ அகஸ்டோ. டிவோ வெஸ்பாசியானோ. டிவோ டிட்டோ. டிவோ நெர்வே. டிவோ ட்ராயானோ. டிவோ ஹாட்ரியானோ. டிவோ பியோ. டிவோ மார்க்கோ. டிவோ கொமோடோ. டிவோ செவெரோ. டிவோ அலெக்சாண்ட்ரோ.

அகஸ்டஸ், வெஸ்பாசியன், டைட்டஸ், நெர்வா, டிராஜன், ஹாட்ரியன், அன்டோனினஸ் பயஸ், மார்க்கஸ் அரேலியஸ், கொமோடஸ், செப்டிமியஸ் செவரஸ், செவரஸ் அலெக்சாண்டர். பதினொரு பேர்.

‘டிவுஸ்’ என்பது இங்கே ‘டிவோ’ என்று மாறியிருப்பதைப் பாருங்கள். நம் இலக்கணத்தில் நான்காம் வேற்றுமை, ‘கு’ உருபு. ‘தெய்வமான அகஸ்டஸுக்கு’, ‘தெய்வமான டிராஜனுக்கு’. இது பெயர்ப்பலகை அல்ல, படையல். ஒவ்வொரு காசையும் அந்த மனிதனின் காலடியில் வைப்பதுபோல எழுதியிருக்கிறார்கள்.

பின்பக்கத்துக்கு இரண்டே படங்கள். ஒன்றில் சிறகு விரித்த கழுகு. மற்றொன்றில் தீ எரியும் பலிபீடம். இரண்டிலும் ஒரே சொல், ‘கொன்செக்ராத்தியோ’. தெய்வமாக்கல் என்று பொருள். பதினொரு முகங்களுக்கும் இந்த இரண்டு பின்பக்கங்களே மாறி மாறி வந்தன. மொத்தம் 22 வகை.

அகஸ்டஸ் இறந்து 236 ஆண்டுகள் ஆகியிருந்தன. செவரஸ் அலெக்சாண்டர் இறந்து பதினைந்து ஆண்டுகள். ஒருவனைப் பார்த்தவர்கள் பத்துத் தலைமுறைக்கு முன்பே மண்ணாகிவிட்டார்கள். மற்றவனைப் பார்த்தவர்கள் அக்கசாலை வாசலிலேயே நின்றிருப்பார்கள். இருவருக்கும் ஒரே கழுகு, ஒரே தீ.

அந்தக் கதிர்முடியிலும் ஒரு கதை இருக்கிறது. டைபீரியஸ் காலத்தில் அகஸ்டஸின் தலையில் கதிர்முடி வைத்தபோது அது தெய்வத்தின் அடையாளம். உயிரோடிருந்த டைபீரியஸ் அதைத் தன் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. நீரோ அந்தத் தயக்கத்தை விட்டான், தன் காசு ஒன்றிலேயே வைத்துக்கொண்டான். 215-ல் கராகல்லா, வழக்கமான வெள்ளிக்காசான தெனாரியஸ் இரண்டின் மதிப்புள்ள புதிய வெள்ளிக்காசு ஒன்றை வெளியிட்டு, பழைய தெனாரியஸிலிருந்து பிரித்துக்காட்ட அதில் கதிர்முடியைப் போட்டான். பின்னாளில் அறிஞர்கள் அதற்கு ‘அன்டோனினியானுஸ்’ என்று பெயர் வைத்தார்கள். டெசியஸ் காலத்தில் புழங்கிய முதன்மைக் காசு அதுதான். பதினொரு தெய்வங்களையும் அந்தக் காசில்தான் அடித்தார்கள். உயிரோடிருந்த டெசியஸின் தலையிலும் அதே கதிர்முடி. தெய்வத்தையும் மனிதனையும் பிரித்துக் காட்டிய அடையாளம் ‘இது இரட்டைக் காசு’ என்று மட்டும் சொல்லும் குறியாக இறங்கிப் போயிருந்தது.

வெள்ளியும் இறங்கிப் போயிருந்தது. அகஸ்டஸ் அடித்த தெனாரியஸ் கிட்டத்தட்டத் தூய வெள்ளி, நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. டெசியஸ் காலத்து இரட்டைக் காசும் ஏறக்குறைய அதே எடைதான். ஆனால் அதில் வெள்ளி பாதிக்கும் குறைவு, மதிப்போ இரண்டு மடங்கு. தன் முகம் பொறித்த அந்தக் காசை அகஸ்டஸே பார்த்திருந்தால் கையால் தொட்டிருக்க மாட்டான்.

அழைக்கப்பட்டவனும் விடுபட்டவர்களும்

பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் முதலில் உறுத்தும் பெயர் கொமோடஸ்.

192-ன் கடைசி நாளில் கொமோடஸைக் குளியலறையில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். செனட் துள்ளிக் குதித்தது. அவன் உடலைக் கொக்கியில் மாட்டி இழுத்துப்போய் டைபர் நதியில் எறிய வேண்டும் என்று கத்தியது. சிலைகள் உடைந்தன, கல்வெட்டுகளில் பெயர் சுரண்டப்பட்டது. அவன் தெய்வமானது எப்படி? செப்டிமியஸ் செவரஸ் உள்நாட்டுப் போரில் அரியணையைப் பிடித்தவன். தனக்கு ஒரு பரம்பரை வேண்டும் என்பதற்காக, இறந்துபோன மார்க்கஸ் அரேலியஸின் மகன் நான் என்று தானாகவே அறிவித்துக்கொண்டான். மார்க்கஸின் மகன் என்றால் கொமோடஸின் சகோதரன். சகோதரன் கேவலமாகக் கிடக்கலாமா? கொமோடஸைத் தெய்வமாக்கும்படி செனட்டை நிர்ப்பந்தித்தான்.

அப்படிப்பட்டவனுக்குப் பதினொருவரில் இடம் கிடைத்தது. யாருக்குக் கிடைக்கவில்லை?

ஜூலியஸ் சீசருக்கு இல்லை. அவனில்லாமல் ‘டிவுஸ்’ என்ற பட்டமே இல்லை. கிளாடியஸுக்கு இல்லை. அவனுக்கு ரோமின் கேலியன் குன்றில் பெருங்கோயில் இருந்தது. மார்க்கஸ் அரேலியஸோடு சேர்ந்து ஆண்ட லூசியஸ் வேரஸுக்கு இல்லை. பெர்ட்டினாக்ஸுக்கு இல்லை. அவனுடைய இறுதிச் சடங்கை வரலாற்றாசிரியர் டியோ நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். கராகல்லாவுக்கும் இல்லை.

காலப்போக்கில் இவர்களுடைய தெய்வப் பட்டம் மறந்துபோயிருக்குமோ என்று நினைக்கத் தோன்றும். அந்த வழியை ஒரு பாப்பிரஸ் சுருள் அடைத்துவிடுகிறது. சிரியாவில், யூப்ரடீஸ் நதிக்கரையில் இருந்த டூரா யூரோப்பஸ் கோட்டையை 1930-களில் அகழ்ந்தபோது கிடைத்த ராணுவ நாட்காட்டி அது. செவரஸ் அலெக்சாண்டர் ஆட்சியில், 223-க்கும் 227-க்கும் இடையில் எழுதப்பட்டது. எந்த நாளில் எந்தத் தெய்வத்துக்கு என்ன பலி என்று படைப்பிரிவுக்குச் சொல்லும் பஞ்சாங்கம் என்றே வைத்துக்கொள்ளலாம். அதில் ஜூலை 12, தெய்வமான ஜூலியஸின் பிறந்தநாள். ஆகஸ்ட் 1, தெய்வமான கிளாடியஸுக்கும் தெய்வமான பெர்ட்டினாக்ஸுக்கும் பிறந்தநாள். ஏப்ரல் 4, கராகல்லாவுக்கு.

டெசியஸின் நாணயங்களுக்குக் கால் நூற்றாண்டுதான் முந்தியது அந்தச் சுருள். பாலைவனத்து எல்லைக் கோட்டையில் நின்ற சிப்பாய்கூட இவர்களுக்காகப் பலியிட்டுக்கொண்டிருந்தான். ஆக, இவர்களை யாரும் மறக்கவில்லை. யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

உருக்கப்பட்ட முகங்கள்

ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் என்னை அதிகம் ஈர்ப்பது உலைக்களத்திலிருந்து வருவது.

டெசியஸ் காலத்தில் ராணுவச் செலவு கட்டுக்கடங்காமல் போனது. வெள்ளி தேவை. பழைய தெனாரியஸ்கள் இன்னும் மக்கள் கையில் இருந்தன. அவற்றைத் திரும்ப வாங்கினார்கள். உருக்கினார்கள். உருக்கப் பொழுதில்லாதபோது பழைய காசின் மேலேயே புது அச்சை வைத்து அடித்தார்கள். டெசியஸ் காலத்து இரட்டைக் காசுகள் சிலவற்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், புதிய முகத்துக்கு அடியில் பழைய முகம் ஒன்றின் மூக்கும் தாடியும் மங்கலாகத் தெரியும். ஒரு தெனாரியஸ் ஒரே அடியில் இரண்டு தெனாரியஸ் ஆகிவிடும். அரசுக்கு நூறு சதவீத லாபம்.

அப்படியானால், உலைக்குள் போகும் முன்னோர்களின் முகங்களுக்கு ஈடாக, அவர்களை மறக்கவில்லை என்று காட்டப் புதிய காசு. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 107 வாக்கில் டிராஜன் தேய்ந்த பழைய காசுகளை உருக்கியபோது, மறைந்த பேரரசர்களின் நாணயங்களைப் புதுப்பித்து வெளியிட்டான். பெயரையே டிராஜனிடமிருந்து வாங்கிக்கொண்ட டெசியஸ், இதையும் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

இந்த விளக்கம் பல பூட்டுகளைத் திறக்கிறது. ஜூலியஸ், கிளாடியஸ் காலத்து நல்ல வெள்ளிக்காசுகள் 250-க்கு வெகு முன்பே புழக்கத்திலிருந்து போய்விட்டன. பெர்ட்டினாக்ஸ் ஆண்டதே மூன்று மாதத்துக்கும் குறைவு, அவன் காசுகள் சொற்பம். கொமோடஸின் காசுகள் ஏராளம். அகஸ்டஸின் காசுகளும் போய்விட்டன என்றாலும், அவன் ஆதி முதல்வன். அவனை விட்டு வரிசையைத் தொடங்க முடியாது.

ஆனால் கராகல்லா? அவனுடைய தெனாரியஸ்கள் 250-ல் புழக்கத்தில் நிறையவே இருந்தன. தெய்வப் பட்டம் இருந்தது. அந்த இரட்டைக் காசே அவன் கண்டுபிடிப்பு. டெசியஸின் ஆணையைச் சாத்தியமாக்கிய குடியுரிமையும் அவன் கொடுத்தது. லூசியஸ் வேரஸின் காசுகளும் அன்று அரிதல்ல. வெள்ளிக் கணக்கு இந்த இருவரிடம் வந்து முட்டி நிற்கிறது.

செனட்டர்கள் மனத்தை வைத்துப் பார்த்தால் கராகல்லாவை ஒதுக்கியது புரிகிறது. தம்பியைத் தாயின் மடியிலேயே கொன்றவனை அவர்கள் கடைசிவரை மன்னிக்கவில்லை. அப்படியானால் அதே மனத்துக்குக் கொமோடஸ் எப்படி இனித்தான்? நல்லவர்கள் பட்டியல் என்றால் கொமோடஸ் இடிக்கிறான். காசுகளின் பட்டியல் என்றால் கராகல்லா இடிக்கிறான். இரண்டு அளவுகோலும் கலந்த பட்டியல் இது என்பதே என் முடிவு. உலைக்களத்துக் கணக்குப்பிள்ளை ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறான், அதில் அரண்மனை கை வைத்திருக்கிறது.

பெயரில்லாதவனின் பெயர்

வெளியிட்டவன் பெயரே இல்லாத நாணயங்களை டெசியஸுடையவை என்று எப்படிச் சொல்கிறோம்? நியாயமான கேள்வி.

பிலிப் வெளியிட்டிருக்கலாம் என்றவர்கள் உண்டு. டெசியஸுக்குப் பின் வந்த காலியீனஸ் என்றவர்களும் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஹெரால்டு மாட்டிங்லி 1949-ல் இந்த வரிசைக்கென்றே ஒரு கட்டுரை எழுதி, அதை டெசியஸின் ஆட்சியில் நிறுத்தினார். இன்று ஏல அட்டவணைகளும் அருங்காட்சியகக் குறிப்புகளும் பின்பற்றுவது அதைத்தான். எழுத்து வெட்டிய பாணி, தகட்டின் தடிமன், வெள்ளியின் தரம், எந்தப் புதையலில் யாருடைய காசுகளோடு சேர்ந்து கிடைத்தது என்பவைதாம் சாட்சிகள். இவற்றில் வலுவானது புதையல். ஒருவன் பானையை மூடிப் புதைத்த நாளுக்குப் பிறகு அதற்குள் எந்தக் காசும் நுழைய முடியாது.

அதனால்தான் தனிக்காசைவிடப் புதையல் பெரிது என்று இந்தத் தொடரில் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். நம் ஊர்களில் 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகள் இன்றும் ஆய்வுக்குப் பயன்படக் காரணம், அவை ஒரு தொகுதியாகப் பதிவானதுதான். நிலத்தை உழும்போதோ கிணறு வெட்டும்போதோ காசுகள் கிடைத்தால், பங்கு போட்டுவிடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

சேகரிப்பாளர்களைப் பொறுத்தவரை டிவி வரிசை தனி மோகம். பதினொரு முகங்களையும் சேர்ப்பது ஒருவகைத் தவம், இரண்டு பின்பக்கங்களோடும் 22 வகைகளையும் சேர்ப்பது அதைவிடக் கடுமையான தவம். அகஸ்டஸ் முதல் செவரஸ் அலெக்சாண்டர் வரை ஒரே அளவில், ஒரே பாணியில் ஒரு தட்டில் வரிசையாகக் கிடக்கும் அழகு வேறெந்த ரோமானிய வரிசைக்கும் கிடையாது. ஆனால் விலை உள்ள இடத்தில் போலியும் இருக்கும். வார்ப்படப் போலிகளின் விளிம்பில் இரண்டு பாதிகள் ஒட்டிய கோடு தெரியும், பரப்பில் நுண்ணிய குமிழ்க்குழிகள் இருக்கும். எடையைப் பாருங்கள், விளிம்பைப் பாருங்கள், பிறகு முகத்தைப் பாருங்கள்.

சதுப்பு நிலம்

250-ல், டான்யூபுக்கு வடக்கே வாழ்ந்த கோத்துகள் என்ற மக்கள் அந்த நதியைக் கடந்தார்கள். தலைவன் பெயர் நிவா. டெசியஸ் தன் மூத்த மகன் ஹெரன்னியஸ் எட்ருஸ்கஸோடு படையெடுத்துப் போனான். பெரோயாவில் கோத்துகள் எதிர்பாராமல் பாய்ந்து அவன் படையைச் சிதறடித்தார்கள். இன்றைய புளோவ்டிவ் நகரமான ஃபிலிப்போபோலிஸ் விழுந்தது.

251-ன் கோடை. கொள்ளைப் பொருளோடும் சிறைப்பட்ட மக்களோடும் வடக்கே திரும்பிக்கொண்டிருந்த கோத்துகளை டெசியஸ் அப்ரிட்டஸ் அருகே மறித்தான். இன்றைய பல்கேரியாவின் ராஸ்கிராட் நகரம் அது.

மகன்மேல் அம்பு பாய்ந்தது. இளைஞன் அங்கேயே விழுந்தான்.

படை தந்தையின் முகத்தைப் பார்த்தது. ஒரு வீரனின் இழப்பு குடியரசுக்குப் பெரிதல்ல என்று சொல்லிவிட்டு டெசியஸ் முன்னேறினான் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

முன்னால் சதுப்பு நிலம். கோத்துகள் அதன் மறுகரையில் காத்திருந்தார்கள். கவசமும் கேடயமும் தாங்கிய ரோமானியப் படை சேற்றில் இறங்கியது. காலை எடுத்து வைக்க முடியவில்லை. அம்புகள் வந்தன. பேரரசன் எந்த இடத்தில் சாய்ந்தான் என்பதைப் பார்த்தவர் யாரும் கரையேறி வந்து சொல்லவில்லை.

அந்நியப் பகைவரோடு போரிட்டுக் களத்திலேயே மாண்ட முதல் ரோமானியப் பேரரசன் அவன். உடல் கிடைக்கவில்லை.

பதினொரு பேருக்குக் கழுகு பறக்கவிட்டவனுக்குச் சிதை மூட்ட உடல் இல்லை. உடல் இல்லாவிட்டாலும் மெழுகு உருவம் செய்து எரிக்கும் வழக்கம் ரோமில் உண்டு, பெர்ட்டினாக்ஸுக்கு அப்படித்தான் செய்தார்கள். டெசியஸையும் தெய்வங்களோடு சேர்த்ததாக, நூறாண்டுக்கு மேல் கழித்து எழுதிய யூட்ரோப்பியஸ் குறிப்பிடுகிறார். ஆனால் ‘டிவோ டெசியோ’ என்று சொல்லும் ஒரு நாணயமும் இன்றுவரை அறியப்படவில்லை. பன்னிரண்டாவது முகம் வரவே இல்லை.

மீண்டும் அந்தக் கழுகு

கழுகு வந்தது.

270-ல், டெசியஸ் சேற்றில் மறைந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அதே கழுகும் அதே பலிபீடமும் மீண்டும் காசில் தோன்றின. அதே சொல், ‘கொன்செக்ராத்தியோ’. முன்பக்கத்து எழுத்து, ‘டிவோ கிளாடியோ’. பட்டியலில் டெசியஸ் விட்டுவிட்ட பெயர். ஆனால் ஆள் வேறு. கோத்துகளை வென்று, கொள்ளைநோயில் மாண்ட இரண்டாம் கிளாடியஸ்.

அவன் ஆண்டது ஏறக்குறைய இரண்டே ஆண்டு. வெள்ளி அப்போது பெயரளவுக்குத்தான் காசில் இருந்தது. ஆனாலும் அந்தச் சின்னஞ்சிறு செப்புநிறக் காசைப் பிரிட்டன், கால் (இன்றைய பிரான்ஸ்), வட ஆப்பிரிக்கா என்று பேரரசின் மேற்குப் பாதி முழுக்க மக்கள் தாங்களாகவே நகல் அடித்தார்கள். அரசு நிறுத்திய பிறகும் அடித்தார்கள். அகஸ்டஸுக்கும் டிராஜனுக்கும் நடக்காத ஒன்று இந்தக் கிளாடியஸுக்கு ஏன் நடந்தது? அந்த நகல்களை அடித்தவர்கள் ஒரு தெய்வத்தை அடித்தார்களா, சில்லறைக் காசை அடித்தார்களா?

(அடுத்த வாரம்)